வாலில்லாப் பறவை வளர்ப்பு: இடப்பள்ளிவாசிகளுக்குச் சில யோசனைகள்

ட்ரோன் என்றதும் நான்கு விசிறி வைத்த கரப்பான்பூச்சியைக் கடையில் வாங்கிக் கல்யாண மண்டபத்தில் சுற்றவிடுகிறவரா நீங்கள்? பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். நுரைப்பலகையை வெட்டி, வாலே இல்லாமல் வெறும் சிறகு ஒன்று செய்து, அதற்குள் ஒரு மூளையையும் வைத்து அனுப்பினால், அதுவே போய்ப் படமெடுத்து வந்து தெருவுக்கே வரைபடம் போட்டுத் தரும் என்று நம்புகிறவர்களுக்கு மட்டுமே இந்தக் கையேடு. எழுதுகிறவன் அப்படி நம்பியவன். சொந்த ஊர் திருநெல்வேலி, பிழைப்பு கொச்சி இடப்பள்ளி. லுலு மாலுக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கும் இடையில் ஒரு சந்தில் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்கார அம்மச்சி.

முதல் யோசனை: எதற்காகச் செய்கிறீர்கள் என்று யாரிடமும் வாய்விடாதீர்கள். நான் விட்டேன். மேலிருந்து படம் பிடித்து நிலத்துக்கு மேப் போடலாம் என்று வாசல்படியில் நின்று விளக்கிவிட்டேன். அம்மச்சி கையிலிருந்த கறிவேப்பிலையைக் கீழே வைத்தார். "அப்போ மோனே, அப்பறத்தெ மதில் எத்தர நம்மளெ பறம்பில் கேறியெந்நு அறியாமல்லோ?" பக்கத்து வீட்டு மதில் நம் நிலத்துக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா என்கிறார். இருபது வருஷத்து வழக்கு அது. கோர்ட்டுக்குப் போகாத வழக்கு, அதனால் தீர்ப்பும் இல்லாத வழக்கு. அன்றிலிருந்து நான் செய்தது பொழுதுபோக்கு இல்லை, சர்வே. வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் "ஏரோப்ளேன் எந்தாயி?" என்று விசாரணை.

சரி, ஏன் வாலில்லாச் சிறகு? நான்கு விசிறி ட்ரோன் காற்றில் நிற்பதற்கே பாட்டரியைக் குடித்துவிடும். சிறகு அப்படி இல்லை, முன்னால் போய்க்கொண்டிருக்கும்வரை காற்றே தாங்கும். வாலும் உடம்பும் இல்லாததால் சுமையும் குறைவு, உடைய வேண்டிய பாகமும் குறைவு. 1930-களில் ஜெர்மனியின் ஹோர்ட்டன் சகோதரர்கள் இதே பைத்தியத்தில்தான் திரிந்தார்கள். அமெரிக்காவில் நார்த்ராப் 1947-ல் ஒய்பி-49 என்ற ராட்சதச் சிறகையே பறக்கவிட்டார். வரைபடத்துக்கென்றே சுவிட்சர்லாந்துக்காரர்கள் 2012-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஈபீ என்ற ட்ரோனும் நுரைச் சிறகுதான். வால் இருக்கும் விமானத்தில் மூக்கைக் கவிழவிடாமல் பிடித்துக்கொள்வது வால். அது இல்லாதபோது அந்த வேலையைச் சிறகின் பின்னோரமே பார்க்க வேண்டும். ஆகவே பின்னோரத்தைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்து வைப்பார்கள். ஆள் குறைப்பு நடந்த அலுவலகத்தில் மிச்சமிருப்பவர் இரண்டு வேலை பார்ப்பது மாதிரி.

அந்தப் பின்னோரத்தில் இரண்டு அசையும் பட்டைகள் உண்டு. பெயர் எலிவான். எலிக்கும் சம்பந்தமில்லை, வானுக்கும் அவ்வளவாக இல்லை என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டும் சேர்ந்து எழும்பினால் மூக்கு எழும்பும், ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் சிறகு சாயும். இவ்வளவுதான் விமானவியல். மிச்சமெல்லாம் ஃபெவிக்விக்.

சாமான் வாங்க எர்ணாகுளம் பள்ளிமுக்கு போங்கள். சென்னைக்கு ரிச்சி தெரு என்றால் கொச்சிக்குப் பள்ளிமுக்கு. சர்வோ, கனெக்டர், சுருங்கு குழாய், சாலிடர் எல்லாம் கிடைக்கும். கிடைக்காதது ஆன்லைனில். வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம். அது காற்றுக்கு எவ்வளவு கட்டுப்படும் என்பதை 2017 ஏப்ரலில் தெர்மாகோலால் நீரை மூடப் பார்த்த வைகை அணையே நாட்டுக்குக் காட்டிவிட்டது. இபிபி என்று ஒரு நுரை இருக்கிறது. மிதித்தாலும் பழையபடி எழும்பும். விமானத்துக்கு வேண்டிய குணம் அதுதான். என் சிறகு நுனிக்கு நுனி 120 சென்டிமீட்டர். பாட்டரி, கேமரா எல்லாம் ஏற்றிய பிறகு எடை ஒரு கிலோ முந்நூறு.

வீட்டில் அனுமதி வாங்கும் பாடம் தனி. "இதுக்கு எவ்வளவு ஆச்சு?" என்ற கேள்வி எப்படியும் வரும். ரூபாயில் பதில் சொல்ல வேண்டாம். குரோம்பேட்டை எம்ஐடியின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு 2018-ல் அஜித் ஆலோசகராக இருந்தார் என்ற தகவலை அந்த நேரத்தில் எடுத்துவிடுங்கள். என் வீட்டில் அது இரண்டு மாதம் தாங்கியது. மூன்றாம் மாதம், "அவரு ஆலோசனைதான சொன்னாரு, காசு அவரா போட்டாரு?" என்று வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அடுத்து எடைமையம். சிறகின் அடியில் குறிக்கப்பட்ட இடத்தில் இரண்டு விரல்நுனியால் தூக்கிப் பிடித்தால் அது தராசு முள் போல நிற்க வேண்டும். வாலுள்ள விமானம் இந்த விஷயத்தில் தயவு காட்டும், சிறகு காட்டாது. ஒரு சென்டிமீட்டர் பின்னால் போனாலும், எறிந்த கணத்தில் நாகம் படமெடுப்பது போல் மூக்கைத் தூக்கி, ஒரு நொடி உங்களையே பார்த்துவிட்டு, முதுகடித்து விழும். பாட்டரியை முன்னால் தள்ளுங்கள். இன்னும் முன்னால். அப்படியும் சரியாகவில்லை என்றால் மூக்கில் ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டுங்கள். என் சிறகின் மூக்கில் ஏழு ரூபாய் இருக்கிறது. அதன் மொத்தச் செலவில் வீணாகாத பகுதி என்று என்னால் நிரூபிக்க முடிந்தது அந்த ஏழு ரூபாய் மட்டும்தான்.

இனி மூளை. ஆட்டோபைலட் என்ற இந்தச் சின்னப் பெட்டிக்குள் சுழற்சியை அளக்கும் ஜைரோ, முடுக்கமானி, காற்றழுத்தமானி எல்லாம் இருக்கின்றன. ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் வெளியே ஒரு காளான் மாதிரி நிற்கும். உள்ளே ஓடும் ஆர்டுபைலட் மென்பொருள் இலவசம். அதன் பூர்வகதை 2007-ல் தொடங்குகிறது. வயர்ட் பத்திரிகை ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து லெகோ கட்டைகளை வைத்து ஒரு ஆட்டோபைலட் பண்ணினார். அவருடைய பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டதாம், அவருக்கு அலுக்கவில்லை. இந்தத் துறையில் முன்னேறிய எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

பெட்டியின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது மூக்கைப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், பாருங்கள். பிறகு தரையிலேயே சோதனை. சிறகைக் கையில் பிடித்து மூக்கைத் தூக்கினால் எலிவான் இரண்டும் கீழே இறங்க வேண்டும். இடப்பக்கம் சாய்த்தால் இடது எலிவான் இறங்கி வலது ஏற வேண்டும். அதாவது நீங்கள் செய்வதற்கு அது மறுப்புச் சொல்ல வேண்டும். ஒத்துப் பாடினால் ஒயர் மாறியிருக்கிறது, பறக்கவிடாதீர்கள்.

திசைகாட்டியைச் சீராக்குவது கொஞ்சம் கூச்சமான காரியம். விமானத்தை இரண்டு கையிலும் ஏந்தி எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் சுழற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் யாருக்கோ திருஷ்டி சுற்றுகிறீர்கள் என்றே தோன்றும். அம்மச்சி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இந்தச் சீராக்கலை மெட்ரோ தூண் பக்கம் நின்று செய்யாதீர்கள். தூணுக்குள் இருக்கும் கம்பிக்கட்டு திசைகாட்டியைக் குழப்பிவிடும், பிறகு உங்கள் விமானத்துக்கு வடக்கு என்பது பாலாரிவட்டமாகிவிடும்.

சட்டம் பற்றிச் சொல்லாமல் விட்டால் கையேடு முழுமையாகாது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் இரண்டு கிலோ வரை மைக்ரோ. வியாபாரத்துக்கு இல்லை என்றால் மைக்ரோவுக்கு ஓட்டுநர் சான்று வேண்டாம், ஆனால் பதிவு எண் வேண்டும். வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை போகலாம். விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்துக்குள் 200 அடிதான், அதாவது 60 மீட்டர். இடப்பள்ளியிலிருந்து நெடும்பாசேரி தூரம்தான். ஆனால் வில்லிங்டன் தீவில் கடற்படையின் விமானத்தளம் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர் சுமார். அதன் பெயரே ஐஎன்எஸ் கருடா. கருடன் குடியிருக்கும் ஊரில் காக்கை பறக்கவிடுகிறோம் என்ற அடக்கம் வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து உங்கள் வீடு எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பறக்கும் நாளிலும் பாருங்கள், முந்தின வாரம் பார்த்தது போதாது.

கருடன் என்றதும் ஞாபகம் வருகிறது. செம்பருந்துக்கு உங்கள் சிறகு போட்டிக்கு வந்த பருந்தாகத்தான் தெரியும். நான்கு விசிறி ட்ரோனைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிற பறவை, வழுக்கிக்கொண்டு போகும் சிறகைக் கண்டால் நகத்தை நீட்டிக்கொண்டு இறங்கும். எனக்குக் கிடைத்த தீர்வு, பருந்துகள் வட்டமிடத் தொடங்காத அதிகாலை. வெயில் ஏறித் தரை சூடானால்தான் அவற்றுக்கு மேலெழும் காற்று கிடைக்கும். காகத்துக்கு அப்படி நேரம் காலம் கிடையாது.

இனிமேல் வருவதுதான் இந்தக் கலையின் சாரம். பறப்பது சுலபம், இறங்குவது கஷ்டம். ஒரு நல்ல சிறகு ஒரு மீட்டர் இறங்குவதற்குள் பத்து மீட்டர் முன்னால் போய்விடும். அதன் பெருமையே அதுதான். இப்போது கணக்குப் போடுங்கள். ஓரத்தில் இருபது மீட்டர் தென்னை நிற்கிறது என்றால், அதைத் தாண்டி வயிறு தரையில் படுவதற்கு இருநூறு மீட்டர் வெட்டவெளி வேண்டும். இடப்பள்ளியில் தென்னை இல்லாத இருநூறு மீட்டர் எங்கே இருக்கிறது? லுலுவின் கார் நிறுத்துமிடம். அங்கே காவலாளி இருக்கிறார். தேசிய நெடுஞ்சாலை. அங்கே லாரி இருக்கிறது.

விவரமானவர்கள் கடமக்குடிக்குப் போவார்கள். வராப்புழைப் பக்கம் தீவுதீவாகப் பொக்காளி வயல், கண்ணுக்கெட்டியவரை மட்டம். உப்புநீரைத் தாங்கும் நெல் அது, புவிசார் குறியீடு வாங்கியது. அங்கே நூறு மீட்டர் உயரத்தில் பறக்கலாம், தென்னையும் கரையோரம்தான். ஒரே ஒரு குறை. நெல் அறுத்தபின் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதே வயலில் உப்புநீர் கட்டி இறால் வளர்ப்பார்கள். மிச்ச மாதங்களில் நெல் நிற்கும், மழை பெய்யும். ஆக இறங்குவதற்குத் தோதான வறண்ட தரை வருஷத்தில் எத்தனை நாள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். இரண்டு கை வேண்டியதில்லை, ஒன்றே போதும். என் முதல் சிறகு அங்கேதான் இறாலோடு சேர்ந்தது. வலை வீசி எடுத்துக் கொடுத்தவர், எடை போட்டுப் பார்த்து, "ஒண்ணேகால் கிலோ, நல்ல சரக்கு" என்றார்.

மனம் உடையும் இந்த இடத்தில் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்த தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியிலேயே அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு என்ன கருவி என்று தெரிந்துகொண்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். தஞ்சாவூர்ச் சமவெளிக்கு வந்தபோது குன்று இல்லை, தோப்பு பார்வையை மறைத்தது. அவர் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-ல் பெரிய கோயிலில் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, அது சுவரில் போய் மோதியது. அளவுக்கோடு போட்ட வட்டம் நெளிந்துவிட்டது. இன்னொன்று வாங்க வேண்டும் என்றால் லண்டனில் ஆர்டர் கொடுத்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மனுஷன் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்து சுமார் ஆறு வாரம் அந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாகத் தட்டி நேராக்கினார். நமக்கு ஃபெவிக்விக் இருக்கிறது, ஐந்து நிமிஷம்தான். இருந்தாலும் முதல் நாள் நான் லாம்டனை நினைக்கவில்லை, இறால்காரரைத்தான் நினைத்தேன்.

கேமரா கணக்கு ஒன்று பாக்கி. என்னிடம் இருந்தது பழைய கேனான் எஸ்100. மெமரி கார்டில் சிஹெச்டிகே என்ற மென்பொருளை ஏற்றினால் இரண்டு விநாடிக்கு ஒரு தடவை தானே படம் எடுக்கும். நூறு மீட்டர் உயரத்தில் ஒரு படம் தரையில் 143க்கு 107 மீட்டர் பிடிக்கும், ஒரு புள்ளிக்கு மூன்றரை சென்டிமீட்டர். சிறகு விநாடிக்கு 14 மீட்டர் போகிறது என்றால் படத்துக்குப் படம் 28 மீட்டர், முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒட்டுப்போடும் மென்பொருளுக்கு அவ்வளவு வேண்டும். இடப்பள்ளியில் 60 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் படம் சுருங்கிவிடுகிறது. அதிலும் தென்னந்தலை 20 மீட்டர் உயரத்தில் நிற்பதால், மரத்தைப் பொறுத்தவரை நீங்கள் பறப்பது 40 மீட்டரில்தான். அதே 28 மீட்டர் இடைவெளிக்கு அங்கே ஒட்டு மூன்றில் ஒரு பங்குதான் தேறும். நான் ஒரே பாதையில் இரண்டு தடவை பறந்து ஈடுகட்டினேன். பாட்டரி ஒத்துக்கொண்டது, பக்கத்து நாய்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

பறக்கும் நாள். விடிகாலை ஆறரை, சந்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. விசிறி பின்னால் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். எறிகிற கை அதன் பாதையில் இருக்கும். அதனால் எறிந்து வேகம் உணர்ந்த பிறகே மோட்டார் சுற்றும்படி அமைப்பை வையுங்கள். விரல் என்பது ஆன்லைனில் கிடைக்காத சாமான். எறிந்தேன். ஒரு முழம் தாழ்ந்தது, வயிற்றில் புளி கரைந்தது, பிறகு ஏறிவிட்டது. தேவாலயக் கோபுரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பி, கோடு போட்டு உழுகிற மாடு மாதிரி போய்த் திரும்பிப் போய்த் திரும்பி வந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பது போல் சும்மா நின்றேன். இறங்கினால் ஜார்ஜ் புண்ணியாளருக்கு ஒரு கோழி என்று நேர்ந்துகொண்டேன். இடப்பள்ளியில் அதுதான் வழக்கம்.

ஆட்டோபைலட் தவறே செய்யாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முந்தின நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து விளையாட்டாகப் போட்டுப் பார்த்த பயணத் திட்டத்தின் கடைசிப் புள்ளியை நான் அழிக்கவில்லை. வேலையை முடித்த சிறகு காலி மனைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், சொன்ன சொல் தவறாமல், எங்கள் மொட்டைமாடியில் இறங்கப் போயிற்று. நடுவில் அம்மச்சியின் தென்னை நின்றது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தலைகாணியை மெத்தையில் போட்ட மாதிரி ஒரு 'தொப்'. பிறகு மட்டைகளுக்கு நடுவே விசிறி இரண்டு தடவை உறுமி ஓய்ந்தது.

கேரளத்தில் தென்னை ஏறுகிறவர் கிடைப்பது ட்ரோன் உதிரிபாகம் கிடைப்பதைவிடக் கஷ்டம். மூன்று நாள் கழித்து ஒரு சேட்டன் ஏறும் யந்திரத்தோடு வந்தார். காலில் மாட்டிக்கொண்டு சரசரவென்று போனார், சிறகை ஒரு கோழிக்குஞ்சு மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நுனி கிழிந்திருந்தது. மூக்கில் ஏழு ரூபாயும் பத்திரம். கார்டும் பத்திரம்.

அன்று இரவு முழுக்கக் கம்ப்யூட்டர் ஓபன்ட்ரோன்மேப்பில் படங்களை ஒட்டியது. காலையில் வரைபடம் தயார். அம்மச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூரைகள் தெளிவாக வந்திருந்தன. சின்டெக்ஸ் தொட்டிகள், காயப்போட்ட வேட்டிகூட. மற்ற இடமெல்லாம் தென்னை. காற்றில் ஆடிய மட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தத் தெரியாமல் மென்பொருள் அவற்றைக் கிண்டி வைத்திருந்தது, பார்க்கக் கொத்துப் புரோட்டா மாதிரி இருந்தது. மதில் எங்கே? மதில் தென்னைக்குக் கீழே.

இது எனக்கு மட்டும் வந்த வினை இல்லை. 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் சர்வே ஆஃப் இந்தியா ஊர் ஊராக ட்ரோன் விட்டுக் குடியிருப்பு மனைகளை அளந்தது. ஆனால் கேரளம் 2022 நவம்பர் 1-ல் 'என்டெ பூமி' என்று டிஜிட்டல் மறுஅளவையைத் தொடங்கியபோது, மரக்கூரை மூடிய இந்த நிலத்தில் ட்ரோன் பெரிதாக உதவவில்லை. ஆர்டிகே ரோவர் என்ற கோலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பறம்பு பறம்பாக நடந்தார்கள். அது சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். என் சிறகில் இருக்கும் ஜிபிஎஸ் மூன்று மீட்டர் இப்படியோ அப்படியோ சொல்லும். அம்மச்சியின் நிலம் ஐந்து சென்ட். ஒரு பக்கம் சுமார் பதினாலு மீட்டர். கோட்டை மூன்று மீட்டர் தள்ளிப் போட்டால் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இடப்பள்ளியில் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பிறகு வரைபடத்தில் கோடு போடுங்கள். நான் போடவில்லை.

அம்மச்சி கோபித்துக்கொள்ளவில்லை. திரையில் ஒரு விரலை வைத்தார். பக்கத்து மரங்களைக் காட்டிலும் ஒரு மரம் மட்டும் மங்காமல் வந்திருந்தது. "இது மூத்த தேங்ஙயல்லே? ஒந்நு, ரெண்டு, மூந்நு…" பதினெட்டு எண்ணினார். அதே சேட்டனுக்குப் போன் போட்டார்.

அவர் மறுநாள் வந்தார். ஏறுவதற்கு முன் நான் பெருமையோடு வரைபடத்தைக் காட்டினேன். எதற்கு இது என்று கேட்டார். மதில் விவகாரத்தைச் சொன்னேன். அளவுக்கல் இருந்தால் தீர்ந்துவிடும், அதுதான் எங்கே போயிற்று என்று இருபது வருஷமாகத் தெரியவில்லை என்றேன். அவர் யந்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தென்னை மூட்டில் முளைத்திருந்த பன்னலை, பெரணிச் செடியைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள், பாதத்தால் ஒதுக்கினார். பாசி படிந்து வழுவழுவென்று ஒரு கருங்கல்.

"இதா கல்லு. இதில் சவிட்டியல்லே ஞான் கேறுந்நது," என்று அதை மிதித்து ஏறினார்.